அந்தரங்கம் அளக்க வந்தவர்கள்

முதலில் விளக்குக் கம்பங்களுக்குக் கண் வைத்தார்கள். பிறகு குப்பைத் தொட்டிகளுக்கு மூக்கு வைத்தார்கள். கடைசியில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியைப் பதித்து அதற்குக் காது கொடுத்தார்கள். நகரம் இப்படி முழு உடம்போடு எழுந்து உட்கார்ந்த பிறகு, உள்ளே குடியிருக்கும் மனிதர்களின் அந்தரங்கம் என்ன ஆவது என்று யாரோ கேட்டுவிட்டார். நிர்வாகம் மனம் கலங்கிப் போனது. அந்தக் கலக்கத்தில் பிறந்ததுதான் அந்தரங்க அளவை மற்றும் பாதுகாப்பு வாரியம்.

அளக்காத எதையும் காக்க முடியாது என்பது வாரியத்தின் கொள்கை. எப்படி அளப்பது என்று நிபுணர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் கிடைத்த வழி மிக எளிமையாக இருந்தது. ஒருவரைப் பற்றி அடுத்த வீட்டுக்காரருக்கு எவ்வளவு தெரியவில்லையோ அவ்வளவும் அவருடைய அந்தரங்கம். ஆகவே வீடு வீடாகப் போய், பக்கத்து வீட்டைப் பற்றித் தேர்வு வைப்பது என்று முடிவானது. தப்பாகச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரருடைய அந்தரங்கம் ஏறும். சரியாகச் சொன்னால் இறங்கும். சொன்னது சரியா தப்பா என்று யார் பார்ப்பது என்ற கவலையும் இல்லை. சரியான விடைகள் அத்தனையும் பெட்டிகள் வழியாக வாரியத்திடம் ஏற்கெனவே இருந்தன. வாரியத்துக்குத் தெரிந்திருப்பது கணக்கில் வராது. ஏனென்றால் வாரியம் அடுத்த வீட்டில் குடியிருக்கவில்லை.

இந்தக் கதைக்கு உரியவள் தெருமுனை பேக்கரியில் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவள். தெரு முழுக்க அவளை பேக்கரி அக்கா என்றுதான் கூப்பிடும். அவள் வயதை ஒத்தவர்களுக்கும் அவள் அக்காதான். புருஷன் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் அவர்கள் இருந்தார்கள். அடுத்த வீட்டில் கணக்கு டீச்சர் தனியாக இருந்தாள். அக்காதான் விளக்குக் கம்பத்துக் கண்ணுக்கு நாத்தனார் என்று பெயர் வைத்தது. எதையும் விடாமல் பார்க்கும், பார்த்ததைப் போட்டுக்கொடுக்கும் என்பதால். சுவர்ப் பெட்டி சின்ன நாத்தனார். தெருவே அப்படித்தான் சொல்ல ஆரம்பித்திருந்தது.

கணக்கு டீச்சருக்கு வலிப்பு உண்டு. எப்போதாவதுதான் வரும். அது வரும்போது சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி விழும் சத்தம் கேட்கும். அக்கா கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். டீச்சரை ஒருக்களித்துப் படுக்க வைப்பாள், மேசை நாற்காலியைத் தள்ளி வைப்பாள், துண்டை மடித்துத் தலைக்கடியில் கொடுப்பாள். பிறகு அது அடங்கும் வரை சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். முன்பு வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் விஷயம் தெரிந்து, டீச்சரை வகுப்பிலிருந்து எடுத்து, பழைய விடைத்தாள் அடுக்கும் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் முகத்தைப் பார்க்காமல் டீச்சரால் இருக்க முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு இந்த ஊருக்கு வந்தாள். இங்கே வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு விஷயம் தெரியாது. அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும். அக்கா தன் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

தேர்வு வைக்க வந்த அளவையாளர் சின்ன வயசுக்காரர். வாசல்படி ஏறும் முன் கன்னங்கரேலென்று ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். உள்ளே வந்ததும் முக்காலியில் இடித்து, அதன் மேலேயே உட்கார்ந்தார்.

“உங்க வீட்டுக்குள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கக் கூடாதுங்கக்கா. சட்டம். அதனால எங்கெங்க என்ன இருக்குன்னு நீங்களே சொல்லிடுங்க, எழுதிக்கறேன்.”

அக்கா பீரோவில் தொடங்கி, பரணில் கிடந்த உடைந்த தொட்டில் வரைக்கும் சொன்னாள். அவர் நன்றி சொல்லி எழுதிக்கொண்டார்.

அதன் பிறகுதான் அக்கா அந்தத் தப்பைச் செய்தாள். பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்கப்போகிறார்கள் என்றதும், நல்ல அண்டை வீட்டுக்காரி யார் என்று பார்க்க வந்திருக்கிறார்கள் என நினைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்திலும் முழு மதிப்பெண் வாங்கியதில்லை. இந்த ஒரு தேர்வுக்குத்தான் அவள் வாழ்நாளெல்லாம் படித்திருந்தாள். டீச்சர் காப்பிக்குச் சர்க்கரை போடமாட்டாள். இடி இடித்தால் பயப்படுவாள். ஒரு அண்ணன் இருக்கிறார், பேச்சுவார்த்தை இல்லை. குளிக்கும்போது பாடுவாள், சுருதி சேராது. அக்கா மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போக, வந்தவர் கையிலிருந்த மின்பலகையில் சரி, சரி என்று பச்சைப் பச்சையாக விழுந்தது. அளவையாளர் முகம்தான் வாடிக்கொண்டே வந்தது.

“அக்கா, நடுவுல ஒண்ணு ரெண்டு தப்பாவும் சொல்லுங்களேன்” என்றார் மெதுவாக.

அக்காவுக்குப் புரியவில்லை. தெரிந்ததை எதற்குத் தப்பாகச் சொல்வது?

கடைசிக் கேள்வி, டீச்சரின் உடம்புக்கு என்ன என்பது. அக்கா வாயை மூடினாள். பிறகு, டீச்சருக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கிறாள் என்று சொன்னாள். அளவையாளர் பலகையைப் பார்த்தார். விடை அதில் இருந்தது. நாற்காலி விழுந்த ஒவ்வொரு முறையும், அதை ஒட்டி அக்காவின் செருப்புச் சத்தமும், பெட்டி கேட்டு வைத்தபடி இருந்தது. அவர் கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி அக்காவைப் பார்த்தார். சட்டப்படி அது குற்றம். ஒன்றும் சொல்லாமல் எழுந்து, மறுபடியும் முக்காலியில் இடித்துக்கொண்டு போனார். ஆனால் அவர் சொல்லாவிட்டாலும் பலகை தானாகவே சொல்லிவிடும்.

அக்காவின் புருஷனுக்குச் சாயங்காலம் தேர்வு நடந்தது. பக்கத்து வீட்டு அம்மா வங்கியில் வேலை பார்க்கிறாள் என்றார். அண்ணன் இருக்கிறாரா என்று கேட்டதற்கு, யாருக்கு என்று திருப்பிக் கேட்டார். தன் வீட்டுக் கதவின் நிறத்தையே தப்பாகச் சொன்னார். வாரியம் அவருக்கு முன்மாதிரிக் குடிமகன் என்று சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை கொடுத்தது.

“இத்தனை வருஷமா இதுக்குத்தானே உன்கிட்ட திட்டு வாங்கினேன்” என்றார் அவர், கண்ணாடி முன்னால் வில்லையைச் சரி செய்துகொண்டு. “மதிக்கிற இடத்துல மதிக்கிறாங்க பாரு.”

முடிவு வந்தது. அந்தத் தெரு அந்தரங்கப் பற்றாக்குறைப் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. டீச்சருடைய அந்தரங்கம் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. வாரியத்திலிருந்து ஆறுதல் அலுவலர் ஒருவர் வந்து, டீச்சர் வீட்டு வாசலில் ஒலிபெருக்கியை நிறுத்தி, உங்கள் அந்தரங்கத்தைப் பக்கத்து வீட்டுக்காரி திருடிவிட்டாள், குளியலறைப் பாட்டு உட்பட, வருந்துகிறோம் என்று தெருவெங்கும் கேட்கும்படி ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் டீச்சர் பேக்கரிக்கு வந்தாள். அக்காவால் தலை நிமிர முடியவில்லை.

“நான் பாடறது அவ்வளவு மோசமாவாக்கா இருக்கு?” என்றாள் டீச்சர்.

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மதிப்பெண் ஆசையில் உளறிவிட்டேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டாள். டீச்சர் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அதையும் சொல்லிட்டீங்களா?”

“அது என் வாயிலேருந்து வராது டீச்சர்.”

டீச்சர் ரொட்டியை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

பற்றாக்குறைப் பகுதிகளுக்கு வாரியம் வைத்திருந்த மருந்து, மறதி வகுப்பு. சமுதாயக் கூடத்தில் தெருவாரை எல்லாம் உட்கார வைத்தார்கள். பயிற்சியாளர் ஒரு அம்மாள். தெளிவாகச் சொல்லப்படாத எதையும் தெளிவாக மறக்க முடியாது என்று தொடங்கினாள். எனவே ஒவ்வொருவரும் எழுந்து நின்று, அடுத்த வீட்டைப் பற்றித் தான் மறக்க வேண்டியதை எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர்களும் திருப்பிச் சொல்ல வேண்டும். முடிதிருத்தும் கடைக்காரர் எழுந்து, எதிர்வீட்டுக்காரர் தலையில் இருப்பது பொய்முடி என்பதை மறக்கிறேன் என்றார். பொய்முடி, பொய்முடி என்று கூடம் முழுக்கத் திருப்பிச் சொன்னது. எதிர்வீட்டுக்காரர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். தன் முறை வந்தபோது, கடைக்காரருக்கு இரண்டாவது தடவை கல்யாணமான கதையை நிறுத்தி நிதானமாக மறந்தார். மாடிவீட்டு மருமகள், மாமியார் அலமாரியில் ஒளித்து வைக்கும் இனிப்புகளை மறந்தாள். மாமியார், மருமகள் தொலைபேசியில் தன் அம்மாவிடம் சொன்ன அத்தனையையும் ஏற்ற இறக்கத்தோடு மறந்தாள்.

வகுப்புக்குக் கூட்டம் அலைமோதியது. பக்கத்துத் தெருக்காரர்கள், எங்களுக்கும் அந்தரங்கம் குறைவாகத்தான் இருக்கிறது, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வாசலில் நின்று கெஞ்சினார்கள். வகுப்பு முடிந்து மறுபடி அளந்தபோது, தெருவின் மதிப்பெண் முன்பைவிடச் சரிந்திருந்தது. நோய் முற்றியிருக்கிறது என்று கண்டறிந்த வாரியம் வகுப்பை நீட்டித்தது.

அக்கா மட்டும் எழுந்திருக்கவே இல்லை. மறக்க ஒன்றுமில்லை என்றாள். பயிற்சியாளர் பலகையைப் பார்த்து, ஒன்று பாக்கி இருக்கிறதே என்றாள். அது அக்காவின் நெஞ்சுக்குள் இருப்பதாகவும், அதை வெளியே எடுத்தால்தான் பாதுகாக்க முடியும் என்றும் விளக்கினாள். அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்படியாக அவளை விசாரணைக்கு அழைத்தார்கள்.

வாரியக் கட்டடத்துக்கு ஜன்னல்களே கிடையாது. உள்ளே இருப்பவர்களின் அந்தரங்கத்துக்காக அப்படிக் கட்டியிருந்தார்கள். விசாரணை மட்டும் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்பது விதி. எனவே அது நகரத்தின் எல்லா விளக்குக் கம்பங்களிலும் இருந்த திரைகளில் ஒளிபரப்பானது. டீச்சருடைய பள்ளிக்கூட வாசலிலும் ஒரு கம்பம் இருந்தது. அக்காவுக்கு அது தெரியும். தான் வாயைத் திறந்தால் தலைமையாசிரியை வெளியே வந்து அண்ணாந்து பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

தலைவர் கனிவான மனிதர். குரலில் தேன் சொட்டியது.

“பயப்படாதீங்கம்மா. நீங்க சொல்லப்போறது எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். எனக்குத் தெரியும், இவருக்குத் தெரியும், டீ கொண்டு வந்தாரே, அவருக்கும் தெரியும். ஆனா எங்களுக்குத் தெரியும்ங்கறதை நாங்க வெளியில சொல்ல மாட்டோம். அதுதான் பாதுகாப்பு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கறதுதான் ஆபத்து. அதை நீங்க உங்க வாயால சொன்னா நாங்க பதிவு பண்ணி, முத்திரை வெச்சு, பத்திரமா மூடிடுவோம்.”

அக்கா ஒரு சந்தேகம் கேட்கலாமா என்றாள். தனியாக இருக்கிற ஒருவர் வீட்டுக்குள் விழுந்துவிட்டால் பெட்டிக்குத் தெரியுமா?

அந்தக் கணமே தெரியும் என்றார் தலைவர் பெருமையோடு.

“தெரிஞ்சா அது யாருக்குங்க சொல்லும்?”

“யாருக்கும் சொல்லாது.” தலைவர் எழுந்தே விட்டார். “ஆஸ்பத்திரிக்குச் சொல்லாது, போலீசுக்குச் சொல்லாது, பெத்த தாய்க்குச் சொல்லாது. ஒருத்தர் எங்க பாதுகாப்புல விழுந்து கிடந்தார்னா, கடைசி மூச்சு வரைக்கும் அவரோட அந்தரங்கத்துக்கு ஒரு கீறல் விழாதும்மா. போன வருஷம் அப்படி ஒருத்தரை முழுசாப் பாதுகாத்தோம். அவர் போய்ச் சேர்ந்து வாடை வந்தப்புறம்தான் அக்கம்பக்கத்துக்கே தெரிஞ்சது. உலகத்துல எந்த வாரியமும் அவ்வளவு தூரம் போனதில்லை.”

சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

தலைவர் உட்கார்ந்து, எல்லாவற்றையும் பார்க்கும் தெய்வத்தைப் போலத்தான் வாரியமும் என்று முடித்தார். அதுவரை குனிந்தே நின்ற அக்கா அப்போதுதான் நிமிர்ந்தாள். சாமி விஷயத்தில் அவளுக்கு ஒருவரும் பாடம் எடுக்க முடியாது.

“சாமி எல்லாத்தையும் பாக்குதுங்க. ஆனா இன்னிவரைக்கும் ஒருத்தரைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட சொன்னதில்ல. விழுந்தவங்களைத் தூக்கறதுக்கு மட்டும் யாரையாச்சும் அனுப்பும்.”

இது விடையாகாது என்று தலைவர் சொன்னார். கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டும். தெரியுமா, தெரியாதா?

“தெரியும். சொல்லமாட்டேன்.”

மூன்று முறை கேட்டார். அக்கா மூன்று முறையும் அதையே சொன்னாள். கடைசி முறை, காலையில் ரொட்டி கேட்டு வரிசையில் நிற்பவர்களிடம் தீர்ந்துவிட்டது என்று சொல்லும் குரலில் சொன்னாள்.

உத்தரவு வந்தது. டீச்சர் வீட்டு வாசலில் சிவப்பாக ஒரு கோடு போட்டு, கோட்டுக்குள் கருவியும் பதித்தார்கள். பேக்கரி அக்காவின் கால் அதைத் தாண்டினால் தெருவெங்கும் சங்கு ஊதும். அந்தரங்க மீறலுக்குச் சாட்சி வேண்டும் என்பதால், எல்லாரும் வந்து உள்ளே எட்டிப் பார்க்கும்படி அறிவிப்பும் சேர்ந்து வரும். கம்பத்துக் கண் வாசல் பக்கம் திரும்பி நடப்பதைத் திரைகளில் காட்டும். தாண்டுகிறவளை ஊரை விட்டே வெளியேற்றலாம்.

அன்று டீச்சர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடி, வேண்டாம் அக்கா, எனக்கு எப்போதாவதுதான் வரும், தானாக அடங்கிவிடும், நீங்கள் வராதீர்கள் என்றாள். அக்கா சரி என்று தலையாட்டினாள். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் பாத்திரம் கழுவும்போதுகூடக் குழாயை மெல்லத்தான் திறந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் அந்தப் பக்கத்துச் சத்தம் கேட்காமல் போய்விடக் கூடாதே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருவே உண்ட மயக்கத்தில் இருந்தபோது, நாற்காலி விழுந்தது.

அக்கா வாசலுக்கு ஓடிவந்து கோட்டின் முன்னால் நின்றாள். இதைத் தாண்டினால் டீச்சர் இத்தனை நாள் மறைத்தது தெருவுக்கும் திரைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடும். தாண்டாவிட்டால், அந்தச் சிமெண்ட் தரையில் தலை எங்கே இடிக்கிறதோ. அவள் யோசித்தது ஒரு மூச்சு விடும் நேரம்தான். பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பதற்கும் டீச்சர் முதலில் உயிரோடு இருக்க வேண்டும். சாமி, நீயே பொறுப்பு என்று சொல்லிவிட்டு, தாண்டினாள்.

சங்கு ஊதியது. அந்தரங்க மீறல், அந்தரங்க மீறல், அனைவரும் வந்து பார்க்கவும் என்று கம்பங்கள் ஒரே குரலில் கூவின. கம்பத்துக் கண் கிறீச்சென்று வாசல் பக்கம் திரும்பத் தொடங்கியது.

முதலில் ஓடி வந்தது அக்காவின் புருஷன். தூக்கக் கலக்கம், சட்டையில்லை. திறந்த கதவு வழியாக ஒரு கால் துடிப்பதும், தன் மனைவி தரையில் உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. தன் வீட்டுக் கதவின் நிறம் தெரியாத மனிதர் அவர். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு வாசலை அடைத்தாற்போல, வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். பேருந்துப் படியில் ஆள் ஏறாமல் மறிப்பது போல இரண்டு கையையும் விரித்தார்.

அடுத்து வந்த முடிதிருத்தும் கடைக்காரர், “என்னண்ணே உள்ள?” என்றார்.

“தெரியாது. திரும்பி நில்லு.”

அவர் திரும்பி நின்றார். எதிர்வீட்டுக்காரர் பொய்முடியைத் தேடிக்கொண்டிராமல் அப்படியே மொட்டைத் தலையோடு வந்து அவர் தோளோடு தோளாக நின்றார். மாமியாரும் மருமகளும் கொடியில் காய்ந்த போர்வையை உருவிக்கொண்டு வந்து ஆளுக்கொரு முனையைப் பிடித்து உயர்த்தினார்கள். வெயிலில் கண் கூசுகிறது என்று மாமியார் கம்பத்துக்கு விளக்கம் சொன்னாள். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. வருகிறவர்கள் எல்லாம் முன்னால் நிற்பவர்களைப் பார்த்து, கேள்வியே கேட்காமல் திரும்பி நின்றார்கள். நகரத்தின் அத்தனை திரைகளிலும் ஒரு போர்வையும், அதன் கீழே தெருவைப் பார்த்தபடி வரிசையாக முகங்களும்தான் தெரிந்தன.

அளவையாளர் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். கையில் பலகை. கம்பத்திலிருந்து தலைவரின் குரல் இறங்கியது. உள்ளே போய், கண்டதை உரக்க அறிவிக்கும்படி சொன்னது. குரலில் இப்போது தேன் இல்லை.

அளவையாளர் வரிசையைப் பார்த்தார். அக்காவின் புருஷன் விரித்த கையை மடக்கவில்லை.

“தம்பி, உள்ள ஒரு பொம்பளைக்கு ஏதோ முடியல. நீங்க பெரிய ஆபீசர். போகணும்னா என்னை இடிச்சுத் தள்ளிட்டுப் போங்க.”

அறிவிக்கவும், அறிவிக்கவும் என்றது கம்பம்.

அளவையாளர் பலகையைக் கவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வரிசையில் பேருந்துக்காரருக்கு அருகே ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது. அங்கே போய்த் திரும்பி நின்றார். கம்பத்தை நேராகப் பார்த்து, “ஒண்ணும் தெரியலைங்க சார்” என்றார்.

உள்ளே, மடித்த துண்டில் டீச்சரின் தலை இருந்தது. உடம்பு மெல்லத் தளர்ந்து, மூச்சு சீராகி வந்தது. அக்கா முந்தானையால் அவள் வாயைத் துடைத்துவிட்டாள். டீச்சர் கண் திறந்தபோது சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. அது எதற்கான சத்தம் என்று அவளுக்குப் புரிந்ததும் கண்ணோரம் நீர் வழிந்தது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, திறந்திருந்த வாசல் பக்கம் பார்க்கப் பயந்து, கேட்டாள்.

“யாராவது பாத்துட்டாங்களாக்கா?”

அக்கா வாசலைப் பார்த்தாள்.

“எல்லாரும் வந்திருக்காங்க டீச்சர். யாரும் பாக்கல.”